பெருந்தொற்று நீடிக்கும்போதே பள்ளிகளை முழுமையாகத் திறக்க முடியுமா?

முடியும் என்பதே என் பதில். ஆனால் தொற்று தலைகாட்டிய முதல் வாரத்திலேயே முடியும் என்றோ, எதையும் மாற்றாமல் பழையபடியே பள்ளியை நடத்திக்கொண்டு முடியும் என்றோ நான் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் நான். கொரோனா காலத்தில் பள்ளி மூடப்பட்டதையும், பாதி திறந்ததையும், பிறகு எல்லாப் பிள்ளைகளும் திரும்பியதையும் வகுப்பறைக்குள் நின்று பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பள்ளி மீண்டும் திறந்த முதல் வாரத்தில் ஒரு மாணவனிடம் அவன் பெயரை எழுதச் சொன்னேன். பள்ளி மூடியபோது முதல் வகுப்பில் இருந்தவன், திரும்பி வந்தபோது மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தான். நோட்டின் அட்டையில் அவன் அம்மா எழுதி ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்து ஓர் எழுத்து எழுதினான். மறுபடி அட்டையைத் திருப்பிப் பார்த்து அடுத்த எழுத்தை எழுதினான். நான்கு எழுத்துப் பெயருக்கு நான்கு முறை நோட்டைத் திருப்பினான். ஆன்லைன் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்; அவன் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை. கைபேசி இணைப்பில் இருந்தது, பெயர் திரையில் தெரிந்தது, நானும் ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறான் என்று குறித்திருந்தேன். பள்ளி மூடுவதைப் பற்றி யார் பேசினாலும் அந்த நோட்டுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அவன் ஒருவன் அல்ல. 2020 ஏப்ரலில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் படிப்பு நின்றுபோனதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. அவர்களில் குறைந்தது 46 கோடிப் பேருக்குத் தொலைக்காட்சி, வானொலி, இணையம் ஆகிய எந்த வழியிலும் பாடம் போய்ச் சேரவில்லை என்று அதே ஆண்டில் யுனிசெஃப் தெரிவித்தது. வசதி குறைந்த நாடுகளில்தான் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் நல்ல இணைய வசதி இருக்கும் நெதர்லாந்தில் பள்ளிகள் எட்டு வாரங்கள்தான் மூடியிருந்தன. அதற்கு முன்பும் பின்பும் பிள்ளைகள் எழுதிய தேர்வுகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், ஒரு கல்வியாண்டின் ஐந்தில் ஒரு பங்குக்கு நிகரான கற்றல் இழப்பைக் கண்டார்கள். மூடியிருந்த காலமும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், வீட்டிலிருந்தபடி பிள்ளைகள் புதிதாகக் கற்றது மிகமிகக் குறைவு என்றுதான் பொருள். பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் அந்த இழப்பு இன்னும் பெரிதாக இருந்தது. எட்டு வாரத்துக்கே இப்படியென்றால், 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளை 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்த உகாண்டாவின் பிள்ளைகள் எவ்வளவு இழந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

படிப்பு மட்டும் போவதில்லை. எபோலா பரவியபோது சியரா லியோனில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து 2015 ஏப்ரலில் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் பதின்வயதுச் சிறுமிகள் பலர் கருவுற்றிருந்தார்கள். கர்ப்பிணிச் சிறுமிகள் பள்ளிக்கு வரக்கூடாது என்று அரசு தடையும் விதித்தது. அந்தத் தடை நீங்கியது 2020 மார்ச்சில். அதாவது, அடுத்த தொற்றுக்காகப் பள்ளிகள் மூடப்பட்ட அதே மாதத்தில். வீட்டில் அடிவாங்கும் குழந்தையும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பள்ளியை நம்பியிருக்கும் குழந்தையும் பள்ளி மூடினால் எங்கே போவார்கள் என்ற கேள்விக்கு எந்த இணைய வகுப்பும் பதில் சொல்லாது.

இதையெல்லாம் சொல்வதால், திறக்க அஞ்சியவர்கள் அறியாமையில் பேசினார்கள் என்று நான் கருதுவதாக எண்ணிவிடாதீர்கள். என்னுடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். முப்பது பிள்ளைகள் இருமும் அறைக்குள் போ என்று அவரிடம் எந்த மனச்சாட்சியோடு சொல்வது? பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு கொரோனா லேசாக வந்துபோனது உண்மைதான். ஆனால் அவர்கள் மாலையில் திரும்பிப் போன வீட்டில் பாட்டியும் தாத்தாவும் இருந்தார்கள். 2020 மார்ச் முதல் 2021 ஏப்ரல் வரையிலான 14 மாதங்களில், பெற்றோரையோ தங்களோடு வாழ்ந்து தங்களைக் கவனித்துக்கொண்ட தாத்தா பாட்டியையோ பறிகொடுத்த குழந்தைகள் உலகில் 15 லட்சம் பேருக்கு மேல் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆகவே, திறப்பதா மூடுவதா என்பது பிள்ளைகளின் நலனுக்கும் பெரியவர்களின் நலனுக்கும் இடையிலான போட்டி அல்ல. அப்பாவை இழந்த பிள்ளைக்கும் அது இழப்புதான்.

அப்படியானால் எப்படித் திறப்பது? இரண்டு நாடுகளின் அனுபவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு உதவியது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே பள்ளிகளைத் திறந்தது, ஆனால் முதலில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மட்டும். அவர்களையும் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு இன்னொன்றோடு கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள். இயன்ற பாடங்களை வெளியே திறந்த வெளியில் நடத்தினார்கள். இஸ்ரேலும் தொடக்கத்தில் சிறு குழுக்களாகத்தான் அழைத்தது. ஆனால் மே 17 அன்று எல்லா வகுப்புகளையும் முழு எண்ணிக்கையோடு திறந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் கடும் வெயில் அடித்தது. முகக்கவசம் அணிவதிலிருந்து பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது, குளிர்சாதனத்துக்காக ஜன்னல்கள் சாத்தப்பட்டன, ஓர் அறையில் முப்பத்தைந்து பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஜெருசலேமில் ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. அந்தப் பள்ளி திறந்ததைப் பலரும் குறை சொல்கிறார்கள். நான் அந்தச் சாத்தப்பட்ட ஜன்னலைத்தான் குறை சொல்வேன்.

ஜன்னலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் முதலில் ஏமாந்தது அங்கேதான். பள்ளி திறக்கும் முன் மேசை, நாற்காலி, கைப்பிடி, கதவு என்று எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைத்தோம், தரையில் வட்டம் வரைந்தோம், வாசலில் நின்று ஒவ்வொரு நெற்றியிலும் வெப்பமானியைக் காட்டினோம். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று அறிவித்திருந்த நிலையில் எங்களைக் குறை சொல்லவும் முடியாது. அது காற்றிலும் பரவும் என்பதைப் பிற்பாடு அந்த நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. மூச்சு விடும்போதும் பேசும்போதும் வெளிப்படும் மிக நுண்ணிய துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். தரையில் வரைந்த வட்டம் அவற்றைத் தடுக்காது.

ஒரு பெற்றோர் கார்பன் டை ஆக்ஸைடு அளக்கும் சிறு மீட்டர் ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். நாம் வெளியே விடும் மூச்சில் அந்த வாயு இருப்பதால், ஓர் அறையில் அதன் அளவு கூடக் கூட, நாம் மற்றவர் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறோம் என்று பொருள். திறந்த வெளியில் அது 420 பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்காக, இருக்கும். வகுப்பறையில் 800-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்பார்கள். ஒரு மழைநாளில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, 34 பிள்ளைகளோடு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது மேசை மேல் இருந்த மீட்டரைப் பார்த்தேன். பாடம் தொடங்கியபோது 500-ஐ ஒட்டி இருந்த எண் முப்பத்தைந்தாவது நிமிடத்தில் 1,700-ஐத் தாண்டியிருந்தது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், அந்த நம்பர் ஏறிக்கிட்டே போகுது" என்றாள். எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களையும் கதவையும் திறந்து வைத்தோம். பத்து நிமிடத்தில் எண் 700-க்கு இறங்கியது. ஓரத்தில் இருந்த பிள்ளைகளின் நோட்டுகளில் சாரல் விழுந்தது என்பதைத் தவிர வேறு எந்தச் செலவும் இல்லை.

இதில் புதிதாகக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை என்பதுதான் வருத்தமான செய்தி. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1904-இல், பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்க்கில் மரங்களுக்கு இடையே திறந்தவெளிப் பள்ளி தொடங்கினார்கள். 1908-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் குளிர்காலத்திலும் பெரிய ஜன்னல்களைத் திறந்து வைத்தே வகுப்பு நடத்தினார்கள். 1918 இன்ஃபுளுயன்சாவின்போது நியூயார்க் நகரம் பள்ளிகளை மூடவில்லை. நெரிசலான குடியிருப்புகளிலும் தெருவிலும் பிள்ளைகளை விடுவதைவிட, ஆசிரியரும் செவிலியரும் தினமும் பார்த்துக் காய்ச்சல் கண்டவர்களைப் பிரித்தெடுக்கக்கூடிய பள்ளியே மேல் என்பது அந்நகரின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்டின் வாதம்.

ஆனால் எல்லாத் தொற்றும் ஒன்றல்ல. இன்ஃபுளுயன்சா பிள்ளைகளிடையே வேகமாகப் பரவி அவர்கள் மூலமாகவே வீடுகளுக்குள் நுழையும் நோய். இளம்பிள்ளை வாதமோ பிள்ளைகளையே குறிவைத்துத் தாக்கியது. நாளை வரும் நோய் யாரைத் தாக்கும் என்று தெரியாத முதல் சில வாரங்களில் பள்ளியை மூடிவைப்பது தவறல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மூடும்போதே எதைப் பார்த்துத் திறப்போம் என்று சொல்லாமல் மூடுவதுதான் தவறு. மருத்துவமனைகளில் இத்தனை படுக்கைகள் காலியாக இருந்தால், பரவல் இந்த அளவுக்கு இறங்கினால், ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி போட்டு முடித்தால் என்று ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும். அது இல்லாதபோது இரண்டு வாரம் இரண்டு மாதமாகி, இரண்டு மாதம் ஒன்றரை ஆண்டாகிறது. கடைகளும் விருந்து மண்டபங்களும் உணவகங்களும் திறந்து கிடக்கும்போது பள்ளி மட்டும் பூட்டியிருப்பதை எந்தத் தொற்றியலாலும் நியாயப்படுத்த முடியாது. ஊரில் பரவல் குறைந்தால்தான் பள்ளிக்குள்ளும் குறையும். ஆகவே பள்ளியைத் திறந்து வைக்க வேண்டுமானால் பெரியவர்கள் வேறு எதையாவது சில காலம் மூடித்தான் ஆக வேண்டும்.

திறக்கும் வரிசையிலும் பெரும்பாலான இடங்களில் தலைகீழாகத்தான் நடந்தது. பொதுத்தேர்வு எழுதும் பெரிய வகுப்புகளை முதலில் அழைத்தார்கள். பதினாறு வயது மாணவரால் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓரளவாவது தானாகப் படிக்க முடியும். ஆறு வயதுக் குழந்தையால் திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொள்ள முடியாது. கொரோனாவைப் பொறுத்தவரை நோயின் தீவிரமும் சிறு பிள்ளைகளிடம்தான் மிகக் குறைவாக இருந்தது. இரண்டு காரணமும் ஒரே திசையைக் காட்டியும், தேர்வு என்ற சொல்லுக்கு நாம் அஞ்சினோம். சுழற்சி முறை வகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், முதல் மாதத்துக்கு அவை நல்ல ஏற்பாடு. அதற்கு மேல் நீடித்தால் பிள்ளைக்குப் பாதிப் படிப்பும் பெற்றோருக்கு முழு அலைச்சலும்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் ஆசிரியையாக ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு சதவீத வருகைக்கு நாங்கள் ஆண்டுதோறும் சான்றிதழும் பரிசும் கொடுத்துவந்தோம். காய்ச்சலை மாத்திரை போட்டுக் குறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிள்ளைகளை நான் பாராட்டியிருக்கிறேன். உடம்பு சரியில்லாத குழந்தை வீட்டில் இருக்க வேண்டும், அதற்காக அதன் மதிப்பெண்ணோ வருகையோ குறையக்கூடாது, அன்று உடனிருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளம் பிடிக்கக்கூடாது என்ற மூன்றும் நடைமுறைக்கு வராத இடத்தில், வாசலில் எத்தனை வெப்பமானி வைத்தாலும் காய்ச்சல் உள்ளே வந்துவிடும். அந்தப் பரிசை எங்கள் பள்ளியில் நிறுத்திவிட்டோம்.

முழுமையாகத் திறப்பது என்றால் எல்லா அறைகளின் பூட்டையும் எடுப்பது என்று நானும் முதலில் நினைத்தேன். எல்லா வகுப்புகளும் இயங்கத் தொடங்கிய நாளில் என் பதிவேட்டில் ஐந்து பிள்ளைகள் வரவில்லை. சிறுநீரக மாற்று செய்துகொண்ட அந்த ஆசிரியைக்கு வகுப்பெடுக்கும் வேலைக்குப் பதிலாக, வராத பிள்ளைகளின் வீடுகளைத் தொலைபேசியில் தேடும் வேலையைத் தலைமை ஆசிரியர் கொடுத்திருந்தார். பழைய எண்கள், பக்கத்து வீட்டார், உறவினர் என்று விடாமல் பேசி மூன்று பேரைத் திரும்பக் கொண்டுவந்தார். நான்காவது குழந்தை வேறு ஊரில் பள்ளியில் சேர்ந்திருந்தது. ஐந்தாவது குழந்தையின் எண் இயங்கவில்லை. பள்ளி முழுமையாகத் திறந்துவிட்டது என்ற அறிவிப்பு வாசலில் ஒட்டப்பட்ட பிறகும் அவர் அந்த எண்ணை அழைத்துக்கொண்டிருந்தார்.

மீண்டும் ஒரு தொற்று வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, அது வரும் முன் இப்போதே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன என்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தொடர்பு எண்களையாவது வாங்கி, ஆண்டுக்கு ஒரு முறை அழைத்துச் சரிபார்க்கலாம். ஓர் ஆசிரியர் நோயில் விழுந்தால் அந்த வகுப்பை யார் எடுப்பார் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நிழல் விழும் இடத்தில் வெளியே ஒரு கரும்பலகை அமைக்கலாம். எங்கள் கட்டடத்தில் வருடாவருடம் வண்ணம் பூசிப் பூசி ஜன்னல் கதவுகள் சட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தன. பல ஆண்டுகளாகத் திறக்காதவை என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தச்சர் ஒருவர் உளியால் விளிம்பைச் சுரண்டி ஒவ்வொன்றாக விடுவித்து, கீல்களுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். மொத்தம் 22 ஜன்னல்களில் 15 இப்போது திறக்கின்றன. மீதி ஏழையும் அடுத்த விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.