கையைவிடக் கண்ணுக்குத்தான் அதிகப் பயிற்சி தேவை
வாசகர் கேள்வி – பதில்

மகளுக்குப் பழகுநர் உரிமம் வந்துவிட்டது. பயிற்சிப் பள்ளியோடு, வீட்டுக் காரிலும் ஓட்டிப் பழகட்டும் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

இருக்கையிலிருந்து. பிரேக்கைக் கடைசிவரை மிதித்த பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். காலை நீட்டி எட்டிப் பிடிப்பதுபோல் உட்கார்ந்தால், அவசரத்தில் முழு பலத்தோடு மிதிக்க முடியாது. முதுகு சாய்ந்தபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே 25 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும், அதைவிட நெருங்கினால் விரியும் ஏர்பேக்கே காயப்படுத்தும். கைகள் கடிகாரத்தின் 9, 3 மணி நிலையில். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படியவேண்டும்.

பிறகு காலி மைதானம். அங்கே வண்டியை நகர்த்துவதைவிட நிறுத்துவதற்கே அதிக நேரம் கொடுங்கள். குறித்த கோட்டில் குலுங்காமல் நிறுத்த வந்த பிறகு, பகலில் ஆளரவம் குறைந்த சாலை, அடுத்து நெரிசல், கடைசியாக மழையும் இரவும். மழையையும் இரவையும் தவிர்த்துவிட்டுத் தேர்வுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால், முதல் மழையில் அவள் தனியாக ஓட்ட நேரும்.

மகன் கியர், கிளட்ச் எல்லாம் சுலபமாகக் கற்றுக்கொண்டான். ஆனால் எப்போதும் கடைசி நொடியில்தான் பிரேக் போடுகிறான். பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. குறை அவன் காலில் இல்லை, பார்வையில் இருக்கிறது. புதிதாக ஓட்டுபவர்கள் பானெட்டுக்குச் சற்று முன்னால் உள்ள சாலையையும், முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தையுமே பார்ப்பார்கள். பழகியவர்களின் கண்ணோ தொலைவுக்கும் அருகுக்கும் கண்ணாடிகளுக்கும் மாறிமாறிப் போய்க்கொண்டே இருக்கும். கை, கால் வேலை சில வாரங்களில் படிந்துவிடும். இந்தப் பார்வை வர மாதக்கணக்காகும். பெரும்பாலான பெற்றோர் முதலாவது வந்ததுமே பயிற்சி முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இதற்கு நல்ல வழி, ஓட்டும்போது பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லவைப்பது. “முன்னால் நிற்கும் வண்டியில் ஆள் இருக்கிறார், கதவு திறக்கலாம்... இரண்டு வண்டி தள்ளிப் பிரேக் விளக்கு எரிகிறது, காலை எடுக்கிறேன்... பந்து உருண்டு வருகிறது, பின்னால் குழந்தை வரலாம்” என்பதுபோல. முதலில் நீங்கள் ஓட்டியபடி சொல்லிக்காட்டுங்கள். பிறகு நீங்கள் ஓட்ட, அவன் சொல்லட்டும். அதன்பின் அவனே ஓட்டிக்கொண்டு சொல்லட்டும். ஒரு தடவைக்கு பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் களைப்பு வந்துவிடும். அவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று கவனியுங்கள். அதுதான் அவன் கண்ணில் படாத ஆபத்து.

கணக்கையும் புரியவையுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் கடந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். அதனால் முன்வண்டியோடு நொடிக்கணக்கில் இடைவெளி வைக்கச் சொல்லுங்கள்: அது ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி, நாம் அதே கம்பத்தை அடைய குறைந்தது 2 நொடி ஆகவேண்டும். பழகுபவருக்கு 3 நொடி நல்லது, மழையில் 4.

மகன் ஓட்டும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே எங்களுக்குள் சண்டை வந்துவிடுகிறது.

பெரும்பாலும் காரணம், சொல்வது தாமதமாக வருவதுதான். இடத்தை முதலில் சொல்லுங்கள், செயலைப் பிறகு: “அடுத்த சந்திப்பில்... இடப்பக்கம் திரும்பு.” “பார்த்து, பார்த்து!” என்று கத்தினால் எதைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியாது. “நிறுத்து” என்ற ஒரு சொல்லை மட்டும் உண்மையான அவசரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். தவறுகளைப் பற்றிய பேச்சு வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகுதான். உங்களுக்கே மனம் சரியில்லாத நாளில் பயிற்சி வேண்டாம்.

அவசர நிலைகளை எப்படிக் கற்பிப்பது?

மூன்றைக் கட்டாயம் சொல்லித்தாருங்கள். முதலாவது, ஏ.பி.எஸ். (ஓங்கி பிரேக் போட்டாலும் சக்கரம் சுழலாமல் இறுகிவிடாதபடி காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அவசர பிரேக். ஓங்கி மிதித்து, வண்டி நிற்கும்வரை காலை எடுக்கக் கூடாது. பெடல் காலடியில் அதிரும், சத்தமும் வரும். அது பழுதில்லை, ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்று தெரியாத பிள்ளை பயந்து காலைத் தூக்கிவிடும். காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில், பின்னால் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, இதைப் பலமுறை செய்யவையுங்கள். மற்ற இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் போதும், செய்துபார்க்க வேண்டாம். சக்கரம் சாலையோர மண்ணில் இறங்கிவிட்டால் வெடுக்கென்று திருப்பக் கூடாது. சக்கரம் சட்டென்று மேலேறி வண்டியை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், கவிழவும் கூடும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தை நன்றாகக் குறைத்து, மெதுவாக ஏறவேண்டும். டயர் வெடித்தாலும் அப்படித்தான்: பிரேக்கில் பாயாமல், நேராகப் பிடித்து, வண்டி தானாக வேகம் குறைந்த பின் ஓரங்கட்டவேண்டும்.

லைசென்ஸ் வாங்கிவிட்டான். நண்பர்களோடு இரவில் காரில் போகக் கேட்கிறான். அனுப்பலாமா?

இப்போது வேண்டாம். தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே மிக ஆபத்தானவை. இளம் ஓட்டுநரின் வண்டியில் அதே வயதுப் பிள்ளைகள் ஏறினால் ஆபத்து கூடுகிறது. இரவும் சேர்ந்தால் இன்னும் கூடும். நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தபோது, புதியவர்கள் இரவில் தனியே ஓட்டுவதையும் ஆட்களை ஏற்றுவதையும் கட்டுப்படுத்தியது இதனால்தான். உங்கள் ஊர்ச் சட்டம் சொல்லாவிட்டாலும் வீட்டில் விதி வையுங்கள்: ஆறு மாதம் நண்பர்களை ஏற்றக் கூடாது, இரவு பத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. விபத்தின்றி, புகாரின்றி நடந்துகொண்டால் ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். தூக்கமோ பயமோ வந்தால் எந்த நேரமும் கூப்பிடலாம், திட்டாமல் வந்து அழைத்துப்போவேன் என்று வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள்.

போன் விஷயத்தில் தளர்வே கூடாது. 60 கி.மீ. வேகத்தில் 5 நொடி திரையைப் பார்த்தால் 80 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். போன் சத்தமின்றிப் பின்சீட்டுப் பையில் இருக்கட்டும். நீங்கள் ஓட்டும்போதும் அப்படியே செய்யுங்கள். பிள்ளைகள் பல வருடமாகப் பின்சீட்டிலிருந்து உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழகுவதற்குப் பழைய சின்னக் கார் ஒன்று போதுமா?

வண்டியில் கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று மிகப் பழைய வண்டியைக் கொடுப்பது வழக்கம். ஆனால் தவறுகள் அதிகம் செய்யப்போகிறவருக்குத்தான் பாதுகாப்பும் அதிகம் வேண்டும். ஏர்பேக், ஏ.பி.எஸ்., வண்டி வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.சி. மூன்றும் உள்ள, அதிக சக்தியில்லாத நடுத்தரக் காராகப் பாருங்கள். டயரின் பள்ளம் 3 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால், மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.