சுபேதார் பதில்கள்

சிப்பாய் எதற்காகச் சண்டை போடுகிறான்? நாட்டுக்காகவா, சம்பளத்துக்காகவா? – ஆர்.வி., கோவில்பட்டி

அதெல்லாம் பட்டாளத்தில் சேர்வதற்கான காரணங்கள். நான் சேர்ந்தது சம்பளத்துக்குத்தான். மானாவாரி நிலம், வீட்டுக்கு மூத்த பிள்ளை, வேறென்ன வழி? வெலிங்டனில் பயிற்சியின்போது 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று மதராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தைத் தொண்டை கிழியக் கத்துவோம். நீலகிரிக் குளிருக்கு நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் காஷ்மீரில் ஒரு போஸ்ட். முதன்முதலாக ஷெல் விழுந்த ராத்திரி, பங்கரில் என்னோடு இருந்தவன் நாகர்கோவில்காரன். எல்எம்ஜி என்கிற இலகுரக இயந்திரத் துப்பாக்கி அவனிடம், அதில் மாட்டும் மேகசினில் ரவுண்டு, அதாவது தோட்டா, நிரப்பிக் கொடுப்பது என் வேலை. விரல் விறைத்துப்போய் ரவுண்டெல்லாம் நழுவி விழுகிறது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மக்கா, குடுடே" என்று கையை மட்டும் பின்னால் நீட்டினான். அந்தக் கையில் மேகசினை வைத்தாக வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. கொடியா? சத்தியமாக ஞாபகம் வரவில்லை.

ராணுவத்தில் 'நாம், நமக், நிஷான்' என்பார்கள். பெயர், தின்ற உப்பு, கொடி. பெயர்தான் முதலில். 'இவன் பயந்து ஓடியவன்' என்று பல்டனில், அதாவது நம் படைப்பிரிவில், பெயர் எடுப்பதைவிடச் சாவு தேவலை என்று இருபது வயதில் நிஜமாகவே தோன்றும். இரண்டாம் உலகப் போரில் தோல்வி நிச்சயம் என்று தெரிந்தும் ஜெர்மன் படை ஏன் கலைந்து ஓடவில்லை என்று ஷில்ஸ், ஜானோவிட்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1948இல் எழுதினார்கள். ஹிட்லரின் கொள்கையைவிட, கூடவே உண்டு உறங்கிய சின்னக் கூட்டம்தான் அவர்களைப் பிடித்து வைத்திருந்ததாம். ஓய்வுபெற்ற பிறகு படித்தேன். எங்கள் பங்கரில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்போம்.

பெண்களைப் போர்முனைக்கு அனுப்பினால் ஆண்கள் சண்டையை விட்டுவிட்டு அவர்களைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருப்பார்களாமே? – ஒரு வாசகர், சேலம்

பக்கத்தில் இருப்பவன் அடிபட்டு விழுந்தால், அவனுக்கு மீசை இருந்தாலும் இழுத்துவரத்தான் போவோம். அதற்குத் தனியாகப் பெண் வேண்டாம். மேகசின் நேரத்துக்குக் கைக்கு வருகிறதா என்பதுதான் எனக்குக் கணக்கு.

பெண்கள் எதற்காகத் துப்பாக்கி எடுத்தார்கள் என்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நேதாஜி 1943இல் சிங்கப்பூரில் தன் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்றே ஆரம்பித்த ஜான்சி ராணிப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் மருத்துவம் படித்தவர். படையில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தோட்டத்தில் கங்காணிக்கும் துரைக்கும் அடங்கி வாழ்ந்த வாழ்க்கை. ஜப்பான்காரன் வந்த பிறகு பஞ்சம். ஆண்களை சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். அந்தப் பெண்ணிடம் காக்கிச் சட்டையும் ரைபிளும் கொடுத்து 'ராணி' என்று கூப்பிட்டால் எப்படி இருந்திருக்கும்! பர்மா வரை போனார்கள். ஜப்பானியரோடு சேர்ந்து நேதாஜியின் படை நடத்திய இம்பால் தாக்குதல் தோற்றதால் அவர்களை முன்வரிசையில் இறக்கவே இல்லை. பர்மாவின் மேமியோ ஊரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். அதை வைத்து 'அவர்கள் எங்கே சண்டை போட்டார்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. உத்தரவு வராமல் எந்தச் சிப்பாயும் முன்னேற மாட்டான் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

என் மகள் பி.காம். கடைசி வருடம். என்சிசி 'சி' சான்றிதழ் இருக்கிறது. ராணுவ அதிகாரி ஆக வேண்டுமாம். போர்ப்பிரிவு கிடைக்குமா? அவள் அப்பா பேசுவதே இல்லை. – ஒரு தாய், திருவண்ணாமலை

காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் பெண்களுக்குத் திறக்கவில்லை. அது எனக்கு உடன்பாடில்லை, ஆனால் நிலவரம் அதுதான். பீரங்கிப் படை திறந்துவிட்டது. 2023 ஏப்ரலில் நம் பரங்கிமலை ஓடிஏவில் (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) பயிற்சி முடித்த ஐந்து பெண்கள் அதில் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். விமானப்படையில் 2016லேயே மூன்று பெண்கள் போர் விமானிகளாகிவிட்டார்கள்.

'சி' சான்றிதழில் 'பி' கிரேடுக்குக் குறையாமல் இருந்தால் என்சிசிக்காரர்களுக்கென்றே உள்ள அதிகாரி சேர்க்கையான என்சிசி ஸ்பெஷல் என்ட்ரியில் எழுத்துத் தேர்வு கிடையாது. விண்ணப்பத்தில் தேர்வானவர்களை நேராக எஸ்எஸ்பி என்கிற தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். ஐந்து நாள் நடக்கும். மனப்பாடம் செய்த பதிலை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள், பயிற்சி மையத்தில் காசைக் கொட்டாதீர்கள். டிகிரியில் மொத்தம் 50 சதவீதம் வேண்டும், அரியர் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவள் அப்பாவின் நம்பரை எனக்கு அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.