ஏழைகளுக்கு அரசு அடுக்குமாடி வீடு கொடுத்த பிறகும் சிலர் ஏன் நகருக்குள்ளேயே திரும்பி வருகிறார்கள்?

சென்னையை வைத்தே பதில் சொல்கிறேன். இங்கே ஏழைக்கு எட்டாமல் இருப்பது கட்டடத்தைவிட நிலம்தான். அதுவும் பிழைப்புக்குப் பக்கத்தில், எவரும் காலிசெய்யச் சொல்ல முடியாத உரிமையுடன் கிடைக்கும் நிலம்.

என் பெரியம்மா சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் குடியிருந்து, மேற்கு மாம்பலத்தில் நான்கு வீடுகளில் வேலை பார்த்துவந்தார். 2015 வெள்ளத்துக்குப் பின் அந்தக் குடியிருப்பு அகற்றப்பட்டு, நகரின் தெற்குப் புறநகரான பெரும்பாக்கத்தில் அரசு அடுக்குமாடியில் அவருக்கு வீடு ஒதுக்கப்பட்டது. தளம் போட்ட வீடு, உள்ளேயே கழிவறை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஆறு மணிக்கு வாசல் தெளித்துப் பாத்திரம் துலக்க ஆள் வேண்டும் என்பவர்கள், இரண்டு பேருந்து மாறி எட்டு மணிக்கு வருபவருக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு வீட்டு வேலை உடனே போயிற்று. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் காசு மிஞ்சியது, நேரம் மிஞ்சவில்லை.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 1971இல் வந்த சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் வாழ்பவரை உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி வெளியேற்ற முடியாது. அப்போது சென்னையில் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக அந்தப் பட்டியல் நீளவே இல்லை. நகரம் வளர்ந்தது, வேலை தேடி வந்தவர்கள் பெருகினார்கள், ஆனால் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை ஆண்டு வரி கட்டி, மின் இணைப்பு வைத்திருந்தாலும், புறம்போக்கு ஆக்கிரமிப்பாளர்களாகவே எண்ணப்பட்டார்கள்.

இதற்கு மாற்றாக ஒரு வழியைச் சென்னையே நடத்திக் காட்டியிருக்கிறது. 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் அரசு நிலத்தைப் பிரித்து, சாலை, குடிநீர், சாக்கடை இணைப்புடன் சிறு மனைகளாகத் தவணைமுறையில் கொடுத்தது. அங்கேயே பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, ஏழைகளின் மனை விலையைக் குறைத்தது. என் அப்பாவுக்கு வில்லிவாக்கத்தில் அப்படி ஒரு மனை கிடைத்தது. முதலில் கழிவறையும் குழாயும் மட்டும் இருந்த இடத்தில் கீற்றுக்கொட்டகை போட்டார். சீட்டு எடுத்த ஆண்டில் செங்கல் சுவர் எழுந்தது, அக்கா திருமணத்துக்கு முன் தளம் போட்டோம், பிறகு மாடி கட்டி வாடகைக்கு விட்டோம். தவணை முடிந்து விற்பனைப் பத்திரம் கைக்கு வந்ததால்தான் வங்கியில் கடன் கிடைத்தது. பெரியம்மாவுக்குக் கிடைத்த மூன்றாம் மாடி வீட்டில் ஓர் அறையைக்கூடக் கூட்ட முடியாது. வாசலில் இட்லிக்கடை போடவும் வழியில்லை.

நகருக்குள் இனி நிலம் எங்கே என்று கேட்பார்கள். பெரிய காலிமனைகள் அரிதுதான். ஆனால் பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயர்த்திக் கட்டி, அங்கிருந்தவர்களையே திரும்பக் குடியமர்த்துவது இப்போதும் நடக்கிறது. ஆற்றுக்குள் ஆபத்தில் இருப்பவர்களை மாற்றத்தான் வேண்டும். அவர்களுக்கும் அதே வட்டாரத்தில் இடம் தேடுவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே பெரும்பாக்கத்துக்கும், அதைப் போன்ற இன்னொரு மறுகுடியமர்வு இடமான கண்ணகி நகருக்கும் போனவர்களுக்கு விற்பனைப் பத்திரமும், விடியற்காலைப் பேருந்தும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.