கார்பமசெபின் தொடங்கியபின் வெறித்த பார்வை கூடினால்

மாத்திரையே காரணமாக இருக்கக்கூடும். பாம்பன் பள்ளியில் எட்டு வயது மகள் பாடத்தின் நடுவே பத்து நொடி வெறித்து நிற்பதாகவும், கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கிய பிறகு அது பலமுறை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது ‘அப்சென்ஸ்’ வகை வலிப்பாக (சில நொடி நினைவு தப்பி வெறித்து நிற்கும் வலிப்பு) இருந்தால், வேறு சில வலிப்புகளை நன்றாக அடக்கும் இம்மருந்து இதை மட்டும் அதிகப்படுத்தலாம்.

ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; திடீரென நிறுத்தினால் பெரிய வலிப்பு வரலாம். (பாட்டி கட்டிய ஏர்வாடி தர்காக் கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை.)

அடுத்த முறை பெயர் சொல்லி அழைத்து, தோளைத் தொட்டுப் பாருங்கள். உடனே திரும்பினால் வெறும் நினைவோட்டமாக இருக்கலாம். திரும்பாமல், இமை துடித்து, சட்டென்று பழைய நிலைக்கு வந்தால், அதைக் கைப்பேசியில் காணொளியாக எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எடுக்கும்போது, இவ்வலிப்பு வருகிறதா என்று பார்க்க மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் செய்வார்கள். வீட்டில் அதை முயல வேண்டாம்.

அமெரிக்காவில் அப்சென்ஸ் வலிப்புள்ள 453 குழந்தைகளிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டு 2010-இல் வெளியான ஆய்வில், எத்தோசக்சிமைடும் வால்ப்ரோயிக் அமிலமும் லமோட்ரிஜினைவிட நன்கு வேலைசெய்தன. கவனக் குறைபாடு வால்ப்ரோயிக் அமிலத்தைவிட எத்தோசக்சிமைடில் குறைவு. உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்பும் உண்டென்றால் எத்தோசக்சிமைடு மட்டும் போதாது.

இது அடங்கும்வரை, கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் இல்லாமல் மகளைக் கடலில் இறங்க விடாதீர்கள்.