ஸ்டாக் கார் பந்தயம் என்றாலே வட்டமடிப்பதுதானே, டிராக் எதுவாக இருந்தால் என்ன?

சாதாரண கார் மாதிரித் தோற்றமுள்ள ஸ்டாக் கார்களை வைத்து அமெரிக்காவில் நடக்கும் நாஸ்கார் பந்தயங்களைப் பார்க்க ஆரம்பித்த புதிதில் எனக்கும் இதே கேள்விதான் இருந்தது. இடதுபக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறார்கள், இதில் என்ன வித்தியாசம் என்று. ஆனால் டிராக் மாறினால் ஆட்டமே மாறிவிடுகிறது. ஒரு மைலுக்குக் குறைந்தால் ஷார்ட் டிராக், 1.5 மைல் அளவில் இருந்தால் இன்டர்மீடியட், 2 மைலைத் தாண்டினால் சூப்பர்ஸ்பீட்வே என்று நீளத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம். நான் பார்த்தவரை நீளத்தைவிட வளைவில் தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

திருவிழாவில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள் இல்லையா, வேகத்தில் சுவரோடு அழுந்துவதால்தான் பைக் விழாமல் சுற்றுகிறது, சாய்ந்த வளைவிலும் வேகம் காரை இப்படித்தான் தரையோடு அழுத்துகிறது. அலபாமாவில் இருக்கும் டாலடேகாவில் வளைவுகள் 33 டிகிரி சாய்வு, ஒரு சுற்று 2.66 மைல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம். 1987இல் பில் எலியட் அங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல், அதாவது சுமார் 342 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதே வார இறுதியில் பாபி அலிசனின் கார் பறந்துபோய் வேலியைக் கிழித்ததில் பார்வையாளர்களுக்குக் காயம். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து டாலடேகாவிலும், அதே மாதிரி இன்னொரு சூப்பர்ஸ்பீட்வேயான டேட்டோனாவிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு கட்டாயமானது. விளைவு என்னவென்றால், எல்லா காரும் ஏறக்குறைய ஒரே வேகம், யாரும் தனியாகப் பிரிந்து போக முடியாது, முப்பது நாற்பது கார் ஒட்டிக்கொண்டே ஓடும். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டி காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்வதுதான் அங்கே பிழைக்கும் வழி. ஒருவர் தவறினால் பின்னால் வரும் பத்துப் பதினைந்து பேர் மாட்டுவார்கள்.

அப்புறம் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில், எனக்கு ரொம்பப் பிடித்த டிராக். 1947இல் திறந்தது, நாஸ்கார் அமைப்பே அதற்குப் பிறகுதான் வந்தது. 0.526 மைல், பேப்பர் கிளிப் மாதிரி வடிவம், வளைவில் வெறும் 12 டிகிரி சாய்வு. அதனால் ஒவ்வொரு முறையும் பிரேக்கை அழுத்தி ஊர்ந்து திரும்பவேண்டும், அதையே நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும், பிரேக் டிஸ்க் சிவந்து எரிவது டிவியிலேயே தெரியும். 2022இல் ராஸ் சாஸ்டெய்ன் கடைசி வளைவில் பிரேக்கே போடாமல் வெளிச்சுவரில் காரை உரசவிட்டு 5 பேரைத் தாண்டிப் போனாரே, சின்ன வயதில் வீடியோ கேமில் செய்து பார்த்த யோசனையாம் அது. இதைப் பார்த்த யாரும் வட்டமடிப்பது என்று சொல்லமாட்டார்கள்.

தென் கரோலினாவின் டார்லிங்டன் தனி ரகம். 1950இல் திறந்தபோது நிலத்துக்காரர் தன் மீன் குட்டையைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட, ஒரு பக்க வளைவைக் குறுக்கி முட்டை மாதிரி கட்டிவிட்டார்கள். ஒரு முனைக்குச் சரியாக காரைத் தயார் செய்தால் மறுமுனையில் ஒத்துழைக்காது, இன்றைக்கும் அதே தொல்லை.

1.5 மைல் டிராக்குகள், சார்லட், லாஸ் வேகாஸ் போன்றவை, எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை. ஆனால் அட்லாண்டாவை 2022இல் 28 டிகிரி சாய்வாக மாற்றியதும் அது குட்டி டேட்டோனாவாக மாறிவிட்டது, நீளம் கிட்டத்தட்ட அதேதான்! சாய்வு முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

வலதுபக்கமும் திரும்பும் சோனோமா, வாட்கின்ஸ் கிளென் மாதிரி ரோடு கோர்ஸ்களும் உண்டு. 2023இல் சிகாகோ நகரத் தெருவிலேயே ஓட்டினார்கள், நியூசிலாந்துக்காரரான ஷேன் வான் கிஸ்பெர்கன் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் தன் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார்.

முழுப் பந்தயத்துக்கு நேரமில்லை என்றால், டென்னசியில் இருக்கும் பிரிஸ்டல் என்ற ஷார்ட் டிராக்கில் நடக்கும் இரவுப் பந்தயத்தின் கடைசி 50 சுற்றை மட்டும் பாருங்கள். ஒரு சுற்றுக்குப் பதினைந்து பதினாறு வினாடிதான்.