வாசகர் கேள்வி: வார்டு உறுப்பினர் இல்லாத ஊர்

கேள்வி: அமெரிக்காவில் நடப்பது பெரும் பணக்காரர்களின் ஆட்சி என்று பலரும் எழுதுகிறார்கள். 2025 ஜனவரியில் பதவியை விட்டுப் போகும்போது பைடனே அப்படி எச்சரித்தார். ஜனநாயகம் எங்குமே சிலர் ஆட்சியாக மாறிவிட்டதா?
(ஒரு வாசகர், கடலூர் முதுநகர்)

வெகு தூரம் நகர்ந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தேர்தலுக்காகக் கம்பெனிகள் தனியாகச் செய்யும் செலவுக்கு வரம்பு வைக்க முடியாது என்று 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 தேர்தலில் ஈலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். அதற்கு முன்பே, கிலென்ஸ், பேஜ் என்ற இரு பேராசிரியர்கள் 1,779 கொள்கைக் கேள்விகளை எடுத்துக்கொண்டு, யார் விரும்பியது நடந்தது என்று பார்த்தார்கள். வசதி உள்ளவர் விருப்பத்துக்குப் பலன் இருந்தது. நடுத்தர மனிதரின் விருப்பத்துக்கென்று தனியாக ஏறக்குறைய ஒரு பலனும் இல்லை. 2014-ல் வந்த அந்த ஆய்வை மறுத்தவர்களும் உண்டு. பெரும்பாலான விஷயங்களில் இரு தரப்பும் ஒன்றையேதான் கேட்கிறது என்கிறார்கள். சரி, கேட்பது வேறு வேறாக இருக்கும்போது யார் பக்கம் சாய்கிறது?

நம் நாட்டில் தேர்தல் பத்திரம் என்று ஒன்று இருந்தது. கட்சிக்குப் பணம் கொடுத்தவர் பெயர் ஓட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

ஆனால் நான் புதுச்சேரிக்காரன். எனக்கு இந்த விஷயம் புரிந்தது எங்கள் தெரு வாய்க்காலில்தான்.

இங்கே 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து, 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எங்கள் வார்டில் நாலு வீடு தள்ளி இருந்த ஒரு அம்மா ஜெயித்தார். ஒரு நாள் காலை பால் வாங்கப் போன என் மனைவி, "அக்கா, வாய்க்கால் அடைச்சுக்கிச்சு, வாசல்ல கால் வைக்க முடியல" என்று அவரிடம் சொன்னாள். அந்த அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். பத்து மணிக்கெல்லாம் இரண்டு பேர் கடப்பாறையோடு வந்து சிலாப்பைப் பெயர்த்தார்கள். உள்ளே ஒரு கோணிச் சாக்கு, நிறைய இளநீர்க் கூடு. மதியத்துக்குள் தண்ணீர் ஓடிவிட்டது.

2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. 2021-ல் தேதி வரை அறிவித்தார்கள். இடஒதுக்கீடு வழக்கில் நின்றுபோனது. போன மழைக்கு அதே வாய்க்கால் அடைத்தது. நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தேன். "இது எங்க வாய்க்கால் இல்ல சார்" என்று இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கடைசியில் மனுவைப் பொறுமையாக வாங்கிப் படித்த அதிகாரி நல்ல மனிதர்தான். அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்கு என் ஓட்டு தேவையில்லை, அவர் என் தெருவில் பால் வாங்கப் போவதும் இல்லை.

ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாம் சேர்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள். அத்தனை பேரிடம் போக வேண்டிய குறை இப்போது முப்பது எம்எல்ஏக்களின் வாசலில் போய் நிற்கிறது. அவ்வளவு கூட்டத்தில் போன் போட்டுப் பேசக்கூடியவர் முந்திக்கொள்வார். வாய்க்காலைச் சொல்ல வந்தவர் கடைசியில் நிற்பார். எந்தக் கோடீஸ்வரரும் சதி செய்யாமலேயே சிலர் ஆட்சி இப்படி வந்துவிடுகிறது. கடற்கரைச் சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த, மேரி என்று பிரெஞ்சில் சொல்லும் பழைய நகராட்சிக் கட்டடத்தைப் பழைய அழகிலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள். நாம் தேர்ந்தெடுத்த நகரசபை மட்டும் இன்னும் வரவில்லை. உங்கள் கடலூரிலும் 2016-லிருந்து இதே நிலைதான் இருந்தது. 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்து, இப்போது உங்கள் வார்டுக்கு ஓர் ஆள் இருக்கிறார். அவர் வீடு எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1954-ல் புதுச்சேரியின் தலைவிதியையே 178 பேர்தானே முடிவு செய்தார்கள்? அதுவும் சிலர் ஆட்சிதானே?
(ஒரு வாசகி, வில்லியனூர்)

கீழூரில் அக்டோபர் 18 அன்று ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர் என்பது உண்மை. பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேர 170, எதிராக 8. ஆனால் அவர்கள் சட்டசபைக்கும் கொம்யூன்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். சொந்த ஊருக்குத் திரும்பி, எந்தப் பக்கம் போட்டோம் என்று ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். எண்ணிக்கை குறைவு என்பதற்காக அதைச் சிலர் ஆட்சி என்று நான் சொல்ல மாட்டேன். என்னை உறுத்துவது வேறு. இன்றைய சட்டசபையில் நாம் அனுப்பும் 30 பேரோடு, மத்திய அரசு நியமிக்கும் 3 பேரும் உட்காருகிறார்கள். அவர்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரி. அந்த மூன்று பேர் எந்தத் தொகுதிக்குப் போய்ப் பதில் சொல்வார்கள் என்பதுதான் என் கேள்வி.

கேள்வி: பேசாமல் குடவோலை முறைக்கே திரும்பிவிடலாமா?
(ஒரு வாசகர், பண்ருட்டி)

உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுதாகப் படித்தால் ஆசை பாதி போய்விடும். வேலி என்ற பழைய நில அளவில் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பு, பொதுவாக இவ்வளவும் இருந்தால்தான் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட முடியும். உழுகிறவர் பெயருக்கு அந்தக் குடத்தில் இடமே இல்லை. ஆனால் பராந்தக சோழர் காலத்து அந்தக் கல்லில் இரண்டு விதிகளை நான் ஒவ்வொரு முறையும் நின்று படிப்பேன். முந்தைய மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில், அதாவது ஊர் நிர்வாகக் குழுவில், இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் போகாது, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்கள் பெயரும் போகாது.