வன்னி வெயிலில் எந்தக் கிராபிக்ஸ் கார்ட்? கணினிக் கேஸின் காற்றோட்டம் பற்றிய கேள்வி பதில்

கேள்விகளுக்குள் போக முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விமர்சனங்களில் "இந்தக் கார்ட் 66 பாகைக்கு மேல் போகவில்லை" என்று காட்டுவார்கள். அது பெரும்பாலும் 21 முதல் 25 பாகை வரை இருக்கிற அறையில் எடுத்த கணக்கு. சித்திரை தொடங்கி ஆவணி மட்டும், சீற் போட்ட வீட்டில் பின்னேரம் மூன்று மணிக்கு அறையே 35 பாகையில் நிற்கும். அறை எவ்வளவு கூடுகிறதோ கார்ட்டும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். ஆகவே அங்கே பார்க்கிற எந்த எண்ணோடும் 10 முதல் 14ஐக் கூட்டிப் படியுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேஸ். ஆர்டிஎக்ஸ் 3070 பூட்டியிருக்கிறன். மத்தியானம் விளையாடத் தொடங்கி இருபது நிமிசத்தில 83க்குப் போய் நிக்குது, பிறகு ஃபிரேம் விழுது. கார்ட் பழுதோ?

பழுதாக இருக்கத் தேவையில்லை தம்பி. 83 என்பது அந்த வரிசைக் கார்ட்டுகளில் வழமையாக வைத்திருக்கிற வெப்ப எல்லை. அதைத் தொட்டதும் கார்ட் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், விநாடிக்கு வருகிற படங்களும், அதாவது ஃபிரேமும், குறையும். குற்றம் கார்ட்டிலா கேஸிலா என்று ஒரு சோதனையில் பிடிக்கலாம். ஆஃப்டர்பேர்னர் என்ற, கார்ட்டின் ஃபானையும் பவரையும் கட்டுப்படுத்துகிற மென்பொருளில் ஃபானை 70 சதவீதத்தில் நிலையாக வையுங்கள். ஆட்டோவில் விட்டால் ஃபான் தன்பாட்டில் கூடிக் குறைந்து வித்தியாசத்தை மறைத்துவிடும். மூடிய கேஸோடு ஒரே கேமை 20 நிமிடம் ஓட்டி வெப்பத்தைக் குறியுங்கள். பிறகு பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொரு 15 நிமிடம் ஓட்டுங்கள். 3, 4 பாகைதான் இறங்கினால் கேஸில் பிழை இல்லை. சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசியிருக்கிற பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது கூலரின் துடுப்புகளில் (மெல்லிய தகடுகளில்) புழுதி அடைத்திருக்கும். 10 பாகைக்கு மேல் இறங்கினால் கேஸ் மூச்சு விடவில்லை. உங்களுடைய கேஸுக்கு இரண்டாவதுதான் வரும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் 3070 இழுப்பது 220 வோட்ஸ். புரொசசரும் மற்றவையும் சேர்ந்தால் 300. இழுக்கிற மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். நிமிடத்துக்கு 50 கன அடி காற்று கேஸுக்குள்ளால் போனால், 300 வோட்ஸ் அந்தக் காற்றைப் பத்துப் பாகையளவு சூடாக்கும். காற்று 25 கன அடியாகக் குறைந்தால் சூடு இரட்டிப்பாகி 20 பாகைக்கு மேல் ஏறும். 120 மி.மீ. ஃபானின் பெட்டியில் 50, 60 கன அடி என்று போட்டிருப்பது எதிரே தடையே இல்லாத நிலையில் அளந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளியில் அதே ஃபானை வைத்தால் பாதி கிடைப்பதே பெரிய காரியம். 35 பாகை அறையில் கார்ட் உறிஞ்சுகிற காற்றே 50ஐ நெருங்கிவிடும்.

கேஸ் மாற்றக் காசில்லாவிட்டால் முன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திருகாணியில் பூட்டுகிற கண்ணாடி என்றால் 15 முதல் 20 மி.மீ. நீளமான ஸ்பேசர் போட்டு முன்னுக்குத் தள்ளிப் பூட்டினாலும் நல்ல மாற்றம் தெரியும்.

வவுனியாவிலிருந்து: புதுசா பிசி கட்டப் போறன். கார்ட்டை முதல் தெரிவு செய்யிறதோ, கேஸை முதல் தெரிவு செய்யிறதோ?

கார்ட்டின் வோட்ஸை முதலில் முடிவு செய்யுங்கள். கேஸ் அதற்குப் பின்னால் வரட்டும். பலர் கண்ணாடியும் கலர் லைட்டும் பார்த்துக் கேஸை வாங்கிவிட்டு, மிச்சக் காசுக்குக் கார்ட் தேடுகிறார்கள். எங்களுடைய வெயிலுக்கு அது சரிவராது.

ஆர்டிஎக்ஸ் 4060 (115 வோட்ஸ்), ஆர்எக்ஸ் 6600 (132), ஆர்டிஎக்ஸ் 5060 (145) ஆகியவை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே ஃபான் உள்ள சாதாரணக் கேஸிலும் ஒழுங்காக ஓடும், முகப்பு முற்றாக அடைபடாமல் இருந்தால். ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 3060, 5060 டிஐ எல்லாம் 165க்கும் 180க்கும் இடையில். இவற்றுக்கு வலை முகப்பும் முன்னால் இரண்டு ஃபானும் வேண்டும். 4070 (200), 5070 (250) என்றால் வலை முகப்பு, முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. இதில் குறைக்க ஒன்றும் இல்லை. 300 வோட்ஸுக்கு மேற்பட்ட கார்ட்டை ஏசி இல்லாத சீற் வீட்டில் பூட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கேஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வெப்பம் அறைக்குள்தான் வருகிறது. அறை சூடாக, அதே சூட்டைக் கேஸ் திரும்ப உறிஞ்சும்.

இரண்டு கார்ட் ஒரே அளவு ஃபிரேம் தந்தால் வோட்ஸ் குறைந்ததை எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் 3060ஐ விட வேகமானது. 55 வோட்ஸ் குறைவாகவும் இழுக்கிறது. 3060க்கு இருக்கிற முக்கிய மேன்மை 12 ஜிபி மெமரி. வீடியோ எடிட்டிங், பிளெண்டர் வேலை இருப்பவர்களுக்கு அது பெறுமதியானதுதான்.

மல்லாவியிலிருந்து: ஒரே கார்ட் இரண்டு ஃபானோடயும் வருது, மூன்று ஃபானோடயும் வருது. மூன்று ஃபான் எண்டால் கேஸுக்குள்ள சூடு குறையுமோ?

குறையாது. சிப்பும் வோட்ஸும் ஒன்றென்றால் கேஸுக்குள் கொட்டுகிற வெப்பமும் ஒன்றுதான். மூன்று ஃபான் கார்ட்டில் துடுப்புப் பரப்புக் கூட, அதனால் சிப் குளிராக இருக்கும், சத்தமும் குறையும். 4060 போன்ற 115 வோட்ஸ் கார்ட்டுக்கு இரண்டு ஃபானே தாராளம். 200க்கு மேல் என்றால் மூன்றுக்குக் காசு கொடுக்கலாம்.

சில நீளக் கார்ட்டுகளில் வால்பக்கம் பின்தகடு வெட்டி விட்டிருக்கும். கடைசி ஃபான் அந்த வழியாகக் காற்றை மேலே தள்ளும். அது நேரே ரேமுக்கும் புரொசசர் கூலருக்கும் போகிறபடியால் பின் ஃபான் கட்டாயம் வேலை செய்ய வேண்டும். பின்பக்கத் துளையால் சூட்டை வெளியே ஊதுகிற ஒற்றை உருளை ஃபான் கார்ட்டுகளும் பாவித்த சந்தையில் வருகின்றன. அடைத்த கேஸுக்கு அது உதவும். ஆனால் 35 பாகை அறையில் அதன் இரைச்சலோடு நெடுநேரம் இருப்பது கஷ்டம்.

புதுக்குடியிருப்பிலிருந்து: கேஸில 330 மி.மீ. கார்ட் போடலாம் எண்டு இருக்கு. நான் பார்த்த கார்ட் 304 மி.மீ. முன்னுக்கு வாட்டர் கூலரின்ர ரேடியேட்டர் பூட்டியிருக்கு. சரிவருமோ?

வராது தம்பி. வழமையான ரேடியேட்டர் 27 மி.மீ., அதன் ஃபான் 25 மி.மீ., சேர்த்து 52. 330இல் 52 போனால் 278தான் மிச்சம். கேஸ்காரர் சொல்கிற நீளம் முன்னால் ஒன்றுமே பூட்டாமல் அளந்ததாகவும் இருக்கலாம், ஃபானைக் கழித்ததாகவும் இருக்கலாம். ஆகவே கேஸைத் திறந்து, பின் பிராக்கெட்டின் உட்பக்கத்திலிருந்து முன்னால் முதலில் முட்டுகிற சாமான் வரை நீங்களே அளவுகோல் பிடியுங்கள். அதில் 15 மி.மீ. மிச்சம் விட்டுக் கார்ட்டைத் தேடுங்கள். ரேடியேட்டரை மேலே பூட்ட வழியிருந்தால் மேலே கொண்டு போங்கள். முன் ஃபான்கள் கார்ட்டுக்குக் குளிர்ந்த காற்றைத் தரட்டும்.

நீளத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், தடிப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு சிலொட் (கார்ட் பூட்டுகிற ஒரு இடத்தின் அளவு) 20 மி.மீ. மூன்று சிலொட் கார்ட் 60 மி.மீ. சின்ன மதர்போட்டில் அதைப் பூட்டினால் கீழே பவர் சப்ளை மூடிக்கும் கார்ட்டின் ஃபானுக்கும் இடையில் 10 மி.மீ.கூட இராமல் போகலாம். உறிஞ்சக் காற்றில்லாமல் ஃபான் வெறுமனே இரையும். குறைந்தது 30 மி.மீ. இடைவெளி வேண்டும். புது 16 பின் (ஊசி) பவர் வயர் என்றால் பிளக்கிலிருந்து 35 மி.மீ. நேராக வந்த பிறகுதான் வளைய வேண்டும். பக்கத் தகடு வயரை அமுக்கினால் ஊசிகள் தளர்ந்து பிளக் உருகலாம்.

அதே ஆள்: கார்ட்டை நிமிர்த்திக் கண்ணாடிப் பக்கம் பார்க்க வைக்கலாமோ?

கண்ணாடிக்கும் ஃபானுக்கும் இடையில் 50 மி.மீ. இருந்தால் வைக்கலாம். பெரும்பாலான கேஸில் இராது.

மாங்குளத்திலிருந்து: ஆறு ஃபானையும் வெளியால ஊத விட்டிருக்கிறன், சூடு போகட்டும் எண்டு. ஆனா மாதம் ஒருக்கா திறந்தால் உள்ளுக்கு ஒரே செம்புழுதி.

உள்ளே வர வழி விடாமல் வெளியே தள்ளினால் கேஸ் தனக்குத் தேவையான காற்றை எல்லா வெடிப்பாலும், பின்னால் கார்ட் பூட்டுகிற பிசிஐ துளையாலும், யூஎஸ்பி ஓட்டையாலும் உறிஞ்சும். அங்கெல்லாம் ஃபில்டர் இல்லை. சோளகம் தொடங்கிய பிறகு வீதிப் புழுதி முழுவதும் அந்த வழியால்தான் வருகிறது. முன் மூன்றையும் உள்ளே, பின் ஒன்றையும் மேலே பின்பக்கம் இருக்கிற ஒன்றையும் வெளியே திருப்புங்கள். மேலே முன்பக்கம் இருப்பதைக் கழற்றி வையுங்கள். அது கார்ட்டுக்குப் போகாத குளிர்ந்த காற்றை நேரே மேலால் களவெடுக்கும். உள்ளே வருவது வெளியே போவதை விடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும்.

திசை தெரியாவிட்டால், ஃபானில் மோட்டரைத் தாங்குகிற நான்கு கால்கள் தெரிகிற பக்கத்தால்தான் காற்று வெளியே வரும். பூட்டிய பிறகு கேஸை மூடி, பிசிஐ துளையடியில் ஒரு ரிசூத் துண்டைப் பிடியுங்கள். வெளியே தள்ளினால் சரி, உள்ளே ஒட்டினால் இன்னும் காற்றுப் போதவில்லை.

முல்லைத்தீவிலிருந்து: வீடு கடற்கரைப் பக்கம். ஃபில்டர் இல்லாத கேஸ். நுளம்பு வலை வெட்டிப் போடலாமோ?

போடலாம். அது பூச்சியையும் மயிரையும் பஞ்சையும் பிடிக்கும், நுண்ணிய புழுதியைப் பிடிக்காது. புழுதிக்கென்று இரண்டு மடிப்பாகவோ துணியாகவோ போட்டால் காற்று அடைபட்டு, கண்ணாடி முகப்பின் நிலைதான் வரும். நைலோன் ஃபில்டர் வலை ஒற்றை அடுக்கு நல்லது. சோளக காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவி, முற்றாகக் காய வைத்துப் பூட்டுங்கள்.

கார்ட்டைச் சுத்தம் செய்யும்போது ஃபான் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் சுழல விட்டால் பெயாரிங் கெடும். டயர்க்கடைக் கொம்பிரசரில் தண்ணீரும் ஒயிலும் சேர்ந்து வரும், தயவு செய்து வேண்டாம். கையால் பிடிக்கிற மின்சார ஊதி போதும். உப்புக் காற்றில் கார்ட்டின் பிசிஐ காலின் (மதர்போட்டுக்குள் செருகுகிற பகுதியின்) பொன் நிறம் மங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடையுங்கள்.

நெடுங்கேணியிலிருந்து: ஆர்எக்ஸ் 580 பாவிச்சது ஒன்று மலிவா வருது. எடுக்கலாமோ?

கிடைத்தால் 6600 பாவித்தது எடுங்கள். 580 இழுப்பது 185 வோட்ஸ், 6600 அதைவிட 50 வோட்ஸ் குறைவாக இழுத்துக்கொண்டு கூடுதல் ஃபிரேம் தருகிறது. 580தான் என்றால் ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் ஷேடர் (சிப்பின் கணக்குப் பகுதிகள்) எண்ணிக்கை பாருங்கள். 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் அது குறைத்த வகை. பாவித்த கார்ட் எதையும் காசு கொடுக்க முதல் 20 நிமிடம் ஓட்டுங்கள். ஹொட்ஸ்பொட் (சிப்பில் ஆகச் சூடான இடம்) காட்டுகிற கார்ட்டில் அதற்கும் சிப்பின் வெப்பத்துக்கும் 25 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், பேஸ்டும் தேர்மல் பாட்டும் மாற்றுகிற செலவை விலையில் கழியுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு ஒபிசில பாவிச்ச மெல்லிய பிசி ஒன்று வாங்கிக் குடுத்திருக்கிறம். அதுக்குள்ள கேம் கார்ட் போடேலுமோ தம்பி?

போடலாம் அம்மா, ஆனால் ஒரு வகை மட்டும்தான். கடையில் "லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்தது), தனி பவர் வயர் தேவையில்லாதது" என்று கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வோட்ஸ், ஜிடிஎக்ஸ் 1650 75 வோட்ஸ். இரண்டிலும் அப்படி வருகின்றன. பலகையின் உயரம் 69 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், கார்ட் வருகிற பெட்டிக்குள் கட்டைப் பிராக்கெட்டும் இருக்க வேண்டும். எத்தனை சிலொட் இடம் இருக்கிறது என்பதையும், பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் உள்ள வோட்ஸையும் படமெடுத்துக் கொண்டு போகும்படி மகனிடம் சொல்லுங்கள். பிசியைச் சுவரோடு ஒட்டியோ மேசை லாச்சிக்குள்ளோ வைக்கக் கூடாது.

பரந்தனிலிருந்து: கார்ட்டும் கேஸும் ஏற்கெனவே வாங்கியாச்சு. இப்ப என்ன செய்யலாம்?

மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ் என்றால் முதலில் ஃபிரேமை 60இல் கட்டுங்கள். திரையில் தெரியாத ஃபிரேமுக்காகக் கார்ட் சூடாகத் தேவையில்லை. அதற்குப் பிறகும் சூடென்றால் ஆஃப்டர்பேர்னரில் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்குங்கள். 220 வோட்ஸ் கார்ட் 165க்கு வரும். ஃபிரேம் குறைவது அந்த 25 சதவீதத்துக்கு நிகராக இராது, அதைவிட மிகக் குறைவு. இன்னும் வேண்டுமென்றால் கொன்ட்ரோல், எஃப் இரண்டையும் அமத்தி, வோல்ட்டுக்கும் கிளொக்குக்குமான (சிப்பின் வேகத்துக்குமான) வளைகோட்டைத் திறந்து 0.900 வோல்ட்டில் கார்ட் வழமையாக ஓடுகிற கிளொக்கை வைத்து, அதற்கு வலப்பக்கம் எல்லாவற்றையும் அதே மட்டத்துக்குத் தட்டையாக்குங்கள். ஒரு மணித்தியாலம் விளையாடிப் பாருங்கள். கேம் நின்றால் கிளொக்கில் 30 மெகாஹேர்ட்ஸ் குறையுங்கள், நிற்காவிட்டால் 0.875க்கு இறங்குங்கள். இதை மத்தியானத்தில் செய்யுங்கள். இரவுக் குளிரில் தாக்குப்பிடித்த அளவு பகல் இரண்டு மணிக்குத் தாக்குப்பிடிக்காமல் போகலாம்.